தட்டில் மல்லிகை

வெள்ளிக்கிழமை.

என் நாத்தனார் விமலா இன்று சாயங்காலம் கெலுகோரிலிருந்து வந்தாள். கையில் ஒரு பீங்கான் தொட்டி. தொட்டி என்று அவள்தான் சொல்கிறாள். நான்கு விரல் ஆழம்கூட இல்லை, சோற்றுத் தட்டு மாதிரி இருக்கிறது. அதில் ஒரு மல்லிகைச் செடியைத் திணித்து வைத்திருந்தாள்.

"அண்ணன் ஞாபகமா வைங்க அண்ணி. அவருக்கு மல்லின்னா உயிரு லா."

"இதுல வேர் எங்க போவும்? ஒரு மாசத்துல செத்துரும்."

"தண்ணி ஊத்துனா வளரும் லா. கடைக்காரனே சொன்னான்."

கடைக்காரன் சொன்னானாம்! படித்துவிட்டு ஆபீசில் உட்கார்ந்திருக்கிறாள். மல்லிகை வேர் கீழே இறங்கும் என்று தெரியவில்லை. செடி செத்தால் அண்ணி கை அப்படி என்று ஊரெல்லாம் சொல்ல மட்டும் தெரியும்.

அவர் போன பதினாறாம் நாள் என் தலையிலிருந்து பூவை எடுத்தவளும் இவள்தான். இனிமேல் வைக்கக் கூடாது என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். இப்போது எனக்கே மல்லிகை வாங்கி வருகிறாள். வெட்கம் இல்லை.

அவள் லிஃப்டில் இறங்கியதும் செடியை எடுத்துப் பழைய பெயிண்ட் வாளியில் ஆழமாக மண் போட்டு நட்டேன். அவள் தட்டில் வல்லாரை வைத்தேன். வல்லாரை மேலாகவே படரும், அதற்கு அந்த மண் போதும்.

மல்லிகையில் இரண்டு மொட்டு இருக்கிறது. பூத்தால் நான்தான் வைத்துக்கொள்வேன், யார் என்ன சொன்னாலும் சரி. அவருக்கு மல்லிகை பிடித்ததே என் தலையில் பார்த்துத்தான்.