ஆறிப்போகுது, ஆமென் சொல்லு

ஜூன் 3, செவ்வாய்

பக்கவாதத்தில் விழுந்த என் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மூக்குக் குழாயை நேற்றே எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் விழுங்க முடிகிறதா என்று ஒரு பரிசோதனை. டாக்டர் கரண்டியில் கூழோடு காத்திருக்க, என் மச்சினி தன் அக்கா தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபம் செய்துவிட்டுத்தான் ஊட்டவே விட்டாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இவள் நாலு வாய் வாங்கி நாலையும் விழுங்கினாள்.

"தொண்டை நல்லா வேலை செய்யுது. இனிமே வாய் வழியாவே குடுங்க" என்றார்.

வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு சுத்தமாக இல்லை. நாம் பேசுவது புரிகிறதா என்று கேட்டால், "கொஞ்சம் புரியலாம்" என்கிறார். அது என்ன கொஞ்சம்?

மச்சினி சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. படியில் நின்று, "அத்தான், எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றாள். மாடு மாதிரி தலையாட்டினேன். எதுக்கு நன்றி என்று கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

காலையில் வாயைத் திறக்கவில்லை. மதியமும் இல்லை. ராத்திரி என் கையைப் பிடித்து இழுத்ததில் கிண்ணம் கவிழ்ந்து, போர்வையெல்லாம் கஞ்சி.

ஜூன் 5, வியாழன்

வாஷிங் மெஷின் ரிப்பேரில் என் தலை நரைத்துவிட்டது. தண்ணீர் ஏறி டிரம் சுற்றவில்லை என்றால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதைச் சொல்லத் தெரியவில்லை. மாத்திரையைப் பொடித்துக் கொழகொழவென்று கலக்கிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் குடித்துவிடுகிறாள். கஞ்சியைக் கொண்டுபோனால் உதட்டைப் பூட்டிக்கொள்கிறாள். மருந்து இறங்குகிற வழியில்தானே கஞ்சியும் இறங்க வேண்டும்? அடைப்பு எங்கே?

கிண்ணத்தைக் கண்டதும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். வேண்டாம் என்று தள்ளுகிறாள். அந்த ஒரு கையில் எங்கிருந்துதான் இவ்வளவு பலமோ.

மகள் போன் பண்ணினாள். "அம்மா சாப்பிட்டாங்களாப்பா?"

"ரெண்டு வாய் சாப்பிட்டா" என்றேன். பொய்.

ஜூன் 6, வெள்ளி

பாஸ்டர் வந்தார். நல்ல மனிதர். டீயைக் குடித்துவிட்டு, "பிரதர், இந்த நேரத்துலதான் நாம நன்றியோட இருக்கணும்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எதுக்குங்க நன்றி? சொல்லுங்க, சொல்றேன். கை போனதுக்கா, வாய் போனதுக்கா? கோயில்ல இவ பாடுன மாதிரி யாரு பாடுனா? எத்தனையோ பேர் வாயத் திறக்காம நிக்கிறாங்க. போயும் போயும் இவ வாய்தான் கெடச்சுதா?"

அவர் எழுந்தார். டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவள் விழுந்த நாளிலிருந்து ஆண்டவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அவரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை.

ராத்திரி அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். சோறு வாயைச் சுட்டுவிட்டது. நாங்கள் கல்யாணம் பண்ணிய நாளிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் வாய் சுட்டதில்லை. அவள் சாப்பாட்டு ஜெபம் அப்படி. சோற்றுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்து, மகளுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் முழங்காலுக்கு, நான் ரிப்பேர் பார்த்த மெஷின் மறுபடியும் என்னிடமே திரும்பி வராமலிருக்க என்று ஊரெல்லாம் சுற்றி வருவாள். நடுவில் ஒரு கண்ணை மட்டும் திறந்து, என் கை தட்டுக்குப் போய்விட்டதா என்று பார்ப்பாள். போயிருக்கும். "ஆறிப்போகுது, ஆமென் சொல்லு" என்பேன். உடனே வேண்டுமென்றே இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வாள்.

இன்று நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசிக்கிறதா என்று கேட்டுக் கரண்டியை நீட்டினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் 7, சனி

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அவள் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய இடம் அப்படியே நிற்கிறது, உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதாம்.

"இப்படியே போனா தாங்க மாட்டாங்கய்யா. செவ்வாய்க்கெழம மறுபடி குழாய் போட்டுடலாம்."

"போட்டா சாப்பிடுவாளா?"

"உள்ள போகும். ஆனா சில பேரு அதையும் பிடுங்கிப் போட்டுடுவாங்க. வாழணும்ங்கற மனசே விட்டுப்போயிருக்கும். அப்புறம் நாம என்ன செஞ்சாலும்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டாம் என்று நானும் கதவைத் திறந்துவிட்டேன்.

மனசு விட்டுப்போச்சா உனக்கு? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா? — எப்படிச் சொல்லுவா. வாய் இருந்தா சொல்லியிருப்பா.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மணிச் சத்தம் கேட்டதும் அவள் தலையைத் திருப்பினாள். ஜன்னலைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

காலையில் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது.

தாடையைப் பிடித்து, கரண்டியைப் பல்லுக்கு நடுவில் திணித்தேன். "சாப்பிட்டுத் தொலையேன்" என்று கத்தினேன். என் பொண்டாட்டியை. துப்பினாள். அப்புறம் அழுதாள். சத்தம் வரவில்லை, கண்ணீர் மட்டும் காதுப் பக்கமாக வழிந்தது. நான் துண்டால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது.

அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். என்னால முடியல. நாளைக்கு அந்தப் பொண்ணு குழாயோட வந்துடும். இவ அதப் பிடுங்கிப் போட்டுட்டா? நான் என்ன பண்ணுவேன்? யார்கிட்ட கேப்பேன்?

மதியம் மறுபடியும் கஞ்சி காய்ச்சினேன். வேறு என்ன செய்ய. கிண்ணத்தோடு உட்கார்ந்ததும் வழக்கம்போல் அவள் இடது கை என் மணிக்கட்டைத் தேடி வந்தது. மறுபடியும் கொட்டிவிடப் போகிறாள் என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்து அமுக்கப் போனேன். அவள் விரல்களை நீட்டினாள். தன் உள்ளங்கையை என் உள்ளங்கையில் தட்டையாக வைத்தாள். விரலுக்கு நேராக விரல். கண்ணை மூடிக்கொண்டாள்.

போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். "ஏய், ஏய்" என்று கூப்பிட்டேன்.

ஒரு கண் மட்டும் திறந்தது. என்னைப் பார்த்தது. தரையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தது. மறுபடியும் மூடிக்கொண்டது.

கடவுளே. தள்ளவில்லை அவள். ஒரு நாளும் தள்ளவில்லை. கை கூப்ப இன்னொரு கை தேடியிருக்கிறாள். இத்தனை நாளாக ஜெபம் பண்ணாமல் கஞ்சியை நீட்டியிருக்கிறேன். அவள் முன்னாலேயே உட்கார்ந்து நானும் சும்மா அள்ளித் தின்றிருக்கிறேன். ஓடுகிற ரயிலில் பிஸ்கட் பாக்கெட்டுக்குக்கூடக் கண் மூடுகிறவள் அவள்.

எனக்கு ஜெபம் பண்ண வராது. அந்த வேலை எப்போதும் அவளுடையது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஆண்டவரே, உம்மேல எனக்கு இன்னும் கோபம் தீரல. அது அப்புறம். இந்தக் கஞ்சிக்கு நன்றி. விழுங்குற தொண்டைக்கு நன்றி. இந்தக் கைய விட்டு வெச்சதுக்கு..." எப்படியோ ஆமென் என்றேன்.

வாயைத் திறந்தாள். காலையில் நான் கரண்டியால் இடித்த உதடு சிவந்திருந்தது. அந்த வாயைத்தான் திறந்தாள்.

கிண்ணம் காலி.

ஜூன் 10, செவ்வாய்

நர்ஸ் குழாயைப் பையிலேயே வைத்துத் திருப்பிக் கொண்டுபோனாள். மகளுக்குப் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். அன்று சொன்ன பொய்யையும் சொன்னேன். "தெரியும்பா" என்றாள்.

ஜூன் 14, சனி

டாக்டரிடம் போனோம். பேச்சு திரும்புவது கஷ்டம் என்கிறார். கையைப் பற்றிக் கேட்டேன், பார்க்கலாம் என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் அழுதேன். அவள் அழவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சின்ன ஜெபம் என்றால் ஒத்துக்கொள்வதில்லை. "நன்றி, ஆமென்" என்று இன்று மதியம் ஓட்டப் பார்த்தேன். என் கையை விடவே இல்லை. சரி என்று மகளைச் சேர்த்தேன். விடவில்லை. மச்சினி, பாஸ்டர், அந்த நர்ஸ் பெண். பக்கத்து வீட்டு முழங்காலையும் சேர்த்தேன். அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் இப்போது நான்தானே சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் கைக்கும் பேச்சுக்கும் கேட்டேன். வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்றும் கேட்டேன்.

நடுவில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவளும் ஒரு கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் சட்டென்று மூடிக்கொண்டோம்.

கஞ்சி ஆறிப்போயிற்று. அப்படியே சாப்பிட்டாள்.