டாவிக்கு அடங்காத பசி

அன்பு மகள் ஜோசெனில்டாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே செரிதோவில் சுகம், மாடுகளும் சுகம், நீங்கள் மூவரும் சுகமாக இருக்கவேண்டுமே என்று பயந்துகொண்டு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பேரன் டாவியின் போட்டோவை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். "நாலு மாசத்துல பயில்வான் கை பாரு, தாத்தாவையே தூக்கி அடிச்சிருவான்" என்று பக்கத்து வீட்டு நெய்டே ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கையில் நரம்பு புடைத்திருக்கிறது, கன்னத்தில் துளி சதை இல்லை, எவ்வளவு குடித்தாலும் பசி அடங்கவில்லை என்று போட்டோவின் பின்னால் நீயே எழுதியிருக்கிறாய். உனக்கு முன்னால் பிறந்த ஜெனிவாலும் இப்படித்தான் இருந்தான். மஞ்சள் காமாலையில் போனான் என்று உனக்குச் சொன்னோம். உன் அம்மா இன்றும் அதைத்தான் நம்புகிறாள். உனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின மாதம், இப்படிப்பட்ட பிள்ளைகள் நம் செரிதோவில் அதிகம் என்று, அவர்கள் பிறந்த வீடுகளைத் தேடி நத்தால் பட்டணத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். "கொழுப்புன்னா வேண்டாததுன்னு நினைக்காதீங்க ஐயா. மழைத்தண்ணிக்குத் தொட்டி மாதிரி அது. சாப்பிட்டதும் அந்த அணுக்கள் எண்ணெயை வாங்கி வச்சுக்கும், பசிச்சா கொஞ்சங்கொஞ்சமா விடும். இந்தப் பிள்ளைங்களுக்குத் தொட்டியே கிடையாது. எண்ணெய் ரத்தத்துலயே சுத்திச் சுத்தி ஈரல்ல போய் அடையுது" என்றார். ஜெனிவாலின் ரத்தம் கண்ணாடிக் குழாயில் பால் போல வெளுத்து நின்றதை நான் பார்த்தவன். "இந்தக் கோளாறு அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாத்தான் பிள்ளைக்கு வரும், நீங்க சொந்தமா?" என்று கேட்டார். உன் அம்மா என் மாமன் மகள். உனக்கு நான் பார்த்து வைத்திருந்தது என் தங்கை மகன் ரிவால்டோவை. விருந்துக்கு மாடுகூடப் பேசியாயிற்று, வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இன்றைக்கே ரிவால்டோவையும் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. செரிதோக்காரர்கள், சொந்தத்தில் கட்டியவர்கள் என்று முதலிலேயே சொல், ரத்தத்தில் கொழுப்பு பார்க்கச் சொல், வயிறு உப்பியிருந்தால் அதையும் காட்டு. சீக்கிரமே கொழுப்பில்லாத பத்தியம் பிடித்தால் பிள்ளைகள் பிழைத்து வளர்கிறார்களாம். தாய்ப்பாலைப் பற்றியும் அவர்களிடமே கேள். கடவுள் டாவிக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

ஒன்று மறக்காதே. "பேரன் பசியாறட்டும், கஞ்சியில தாராளமா ஊத்தச் சொல்லுங்க" என்று அம்மா நாலு புட்டி நெய் காய்ச்சி அடைத்தாள். பாடிக்கொண்டே காய்ச்சியவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை. போன வாரமே லாரிக்காரனிடம் கொடுத்தனுப்பிவிட்டாள், இந்தக் கடிதத்துக்கு முன்னால் உன் கைக்கு வந்திருக்கும். அதில் ஒரு சொட்டும் டாவி வாயில் படக்கூடாது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாய் இல்லாத அப்பா,
ஒனோஃப்ரே