துத்தநாகமும் மூன்று ஊக்குகளும்

புரட்டாசி 9, வியாழன்

காலையிலிருந்து மேகம். திருச்சுழிப் பக்கம் தூறலாம். பாளையம்பட்டிக்கு ஒரு சொட்டு இல்லை. மக்காச்சோள விதை எடுத்து வைக்க வேண்டும்.

என் பெண்டாட்டி கோமதிக்கு நாளை முதல் ஞாயிறு வரை மதுரையில் என்.எம்.ஆர். கருவி. பெரிய காந்தம். அதில் துத்தநாகம் சிக்னல் தந்தால்தான் பி.எச்டி.க்குக் கடைசி அத்தியாயம். திங்களன்று கருவியைப் பழுதுபார்க்க மூடுகிறார்கள். எப்போது திறப்பார்களோ.

கடையில் துத்தநாக சல்பேட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, கொஞ்சம் எடுத்துப் போ என்றேன்.

"ஐய, எனக்குச் சுத்தமானது வேணும்."

உரக்கடைக்காரனிடமே சொல்கிறாள். கொழுப்பு.

10, வெள்ளி

நல்ல வெயில். உர லோடு வந்தது, இறக்க ஆள் வரவில்லை. நானே இறக்கினேன். இடுப்பு போச்சு.

மதியம் கோ. போன். காந்தப்புலம் சீராகவே இல்லையாம். "நூறு அணுவுல நாலுதாங்க பதில் சொல்லும். அதுவும் முனங்கும். கேட்டுக் கேட்டுக் கூட்டணும். இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

சாப்பிட்டியா என்றேன்.

பொழுது சாய வந்தாள். காரணம் தெரிந்துவிட்டது. வாட்ச், போன், கிளிப் எல்லாம் வெளியே வைத்தவள், தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளை மறந்துவிட்டாள். குனிந்தபோது சரியாகப் பூட்டாத ஒன்று பறந்துபோய்க் காந்தத்தின் அடிவாயில் ஒட்டிக்கொண்டது. பிறகு சங்கிலியே காந்தத்தைப் பார்த்துத் தூக்கியதும்தான் புரிந்ததாம். ஊக்கை எடுப்பதற்குள் ஒரு நாள் காலி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அழுததும் நின்றுவிட்டது.

11, சனி

விடிகாலை. ஊக்குகளைக் கழற்றினாள். நேற்றுப் பறந்ததையும் சேர்த்து மூன்று. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏத்தா, கழுத்து மொட்டையா இருக்கு. அவசரத்துக்கு ஒண்ணு வேணாமா?"

"அதுதான் அத்தே நேத்து என்னயக் கவுத்துருச்சு."

தாலியில் கிடந்ததைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாதென்றார் அம்மா. கோ. என்னை உள்ளே கூப்பிட்டு, மூன்றையும் என் அரைஞாண் கயிற்றில் மாட்டினாள். "வந்து வாங்கிக்கிறேன். தொலச்சிராதீக."

நாள் முழுக்க இடுப்பில் குறுகுறுப்பு. விதை வாங்க வந்த ரெட்டியபட்டிக்காரர்: "என்ன மொதலாளி, தானாச் சிரிக்கிறீக?"

மாலை போன். காந்தம் சீராகிவிட்டது. கருவி ராவெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்குமாம், அவளும் அங்கேயே தங்குகிறாளாம்.

12, ஞாயிறு

கடை அரை நாள். மறுபடி மேகம். துத்தநாகத்துக்காகச் சாமி கும்பிட்ட முதல் உரக்கடைக்காரன் நான்தான்.

சாயங்காலம் போனில் ஒரு படம். கோழி கிளறியது மாதிரி கோடு, நடுவில் சின்னதாய் ஒரு மேடு. கீழே: வந்துருச்சுங்க.

அம்மாவிடம் காட்டினேன். "இம்புட்டுக்காண்டியா அந்த அழுக?"

"இம்புட்டுதாம்மா."

அம்மா கண்ணாடி போட்டு இன்னொரு தடவை பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு."

பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் போனேன். கண்ணெல்லாம் சிவந்து இறங்கினாள். முதல் வார்த்தை: "ஊக்கு பத்திரமா?"

வீட்டுக்கு வந்து இரண்டைத்தான் கழற்றினாள். மூன்றாவது அங்கேயே கிடக்கட்டுமாம்.