பழத்தோட்ட வாசலில் இறங்கி நடந்தவர்கள்

அன்புள்ள உம்மாவுக்கு ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? பினாங்கில் நான் சுகம்.

ஊரிலிருந்து வந்த ஹிஷாமையும் சப்றானையும், என் ஒரே லீவு நாளில் காரில் இந்தப் பினாங்குத் தீவைச் சுற்றிக் காட்டினேன். மலையும் கடலும் அவ்வளவு அழகு. ஒரு பழத்தோட்ட வாசலில் சீருடைக் காவலாளியைக் கண்டதுதான் தாமதம், இருவரும் நம்மூர் ஆமிச் சோதனைச் சாவடியில் போலவே இறங்கி, அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்து நடந்தார்கள். பின்னால் நின்ற கார்களெல்லாம் ஹோர்ன் அடித்தன.

"இது செக்பொயின்ட் இல்லடா, ஏறுங்கடா!" என்று கத்தினேன்.

"கால் தானா இறங்குது மச்சான்" என்றான் ஹிஷாம்.

எரிச்சலில் இருவரையும் பிடித்துக் காருக்குள் தள்ளினேன்.

வேலைக்கு நேரமாகிறது. உம்மா, அலுமாரியில் என் அடையாள அட்டை இருக்கும், யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. ஆனாலும் பொலிஸைக் கண்டால் என் கை சட்டைப்பையைத் தடவுகிறது.

மகன் முபாறக்