ரேடியேட்டரைத் தின்ற தண்ணீர்

என் பிரிய அண்ணா,

உன் டிராக்டர் ஓடுகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீ போனதிலிருந்து கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த வண்டியை நானும் அண்ணியும் கிளப்பிவிட்டோம். சந்தோஷமாக எழுத வேண்டிய சேதிதான். ஆனால் மீதியை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வேலூர் பாகாயத்தில் ஏதோ ஒரு பங்களாத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த பழைய வெளிநாட்டுக் குட்டி டிராக்டர் அது. ஏலத்தில் எடுத்து லாரியில் ஏற்றி, ஆம்பூருக்கு இந்தப் பக்கம் பாலாற்றங்கரையில் இருக்கும் நம் தோட்டத்துக்குக் கொண்டுவந்தாய். அண்ணி வாசலில் நின்றபடி, "இத்த வெச்சிகினு இன்னா பண்றது? கோழி மேய்க்கறதா?" என்று கேட்டார். ஊரே பொம்மை டிராக்டர் என்றுதான் சொன்னது. தென்னை வரிசைக்குள் பெரிய டிராக்டர் திரும்ப முடியாத இடத்தில் இது சுலபமாகத் திரும்புவதைப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கியது.

தோல் பதனிடுகிற ஷாப்பில் சூப்பர்வைசர் வேலையை முடித்துவிட்டு சைக்கிளில் வருவாய். சட்டையைக்கூட மாற்றாமல் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாய். எந்தக் கடையிலும் வாஷர் கிடைக்காத அந்த வண்டிக்கு, ஷாப்பில் கழித்துப்போட்ட தோலை வட்டமாக வெட்டிப் போடுவாய். அண்ணி கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், சோற்றுத் தட்டைக் கொட்டகைக்கே கொண்டுவந்து வைத்துவிடுவார்.

நெஞ்சு வலிக்குது என்று ஷாப்பில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வேலூரில் தினம் தினம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிற நர்ஸ் நான். உனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கப் பக்கத்தில் இல்லை. நான் இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? தெரியவில்லை, அண்ணா.

உன் மேனேஜர் வீடு தேடி வந்து அழுதார். செருப்புக்கு மேல்தோல் தைக்கிற பிரிவில் அண்ணிக்கு வேலையும் கொடுத்தார். பிள்ளையில்லாத வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் அண்ணியும் போனார். தோட்டத்தில் களை இடுப்பு உயரம் வளர்ந்தது. ஏர் ஓட்ட ஆள் தேடினால், ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஷாப்புகளில் இருந்தார்கள்.

"கிரேஸு, உங்க அண்ணன் வண்டிய நாமளே பாத்துடலாமா?" என்றார் அண்ணி ஒருநாள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து வந்தேன். டீசல் டேங்கின் அடியில் தண்ணீர் இறங்கியிருந்தது. வடித்துத் துடைத்தோம். எலி கடித்த குழாயை மாற்றினோம். நீ செய்யும்போது தள்ளி நின்று பார்த்ததுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த வித்தை. எந்த நட்டு எந்த ஓட்டையில் இருந்தது என்று சண்டை போட்டுக்கொண்டோம். உன்னைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்ற, கையிலிருந்த நட்டைக் கீழே வைத்துவிட்டோம்.

ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் அப்படியே கீழே வடிந்தது. கழற்றி, கோணியில் சுற்றி, ஆம்பூரில் ஈயம் வைத்து ஓட்டை அடைக்கிற பாஷா பாய் கடைக்குக் கொண்டுபோனோம். அவர் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் வந்தது.

"இன்னா தண்ணிம்மா ஊத்தினீங்க?"

"கெணத்துத் தண்ணிதான், பாய்."

"எந்தப் பக்கம் கெணறு?"

அண்ணி இடத்தைச் சொன்னார். பாய் ரேடியேட்டரைக் கீழே வைத்தார். "அந்தப் பக்கத்துலருந்து வர்ற வண்டி எல்லாம் இப்படித்தான் வருது. உப்பு ஜாஸ்தி. ஈயம் வெச்சித் தர்றேன். இனிமே இதுக்கு அந்தத் தண்ணி ஊத்தாதீங்க. மழைத் தண்ணி புடிச்சி ஊத்துங்க."

"டிராக்டருக்கு மழைத் தண்ணி ஊத்தலாம், பாய். தென்னைக்கு?" என்று கேட்டார் அண்ணி.

பாய் ரேடியேட்டரை மறுபடி கையில் எடுத்தார். ஸ்டவ்வுக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார். பாவம், அவர்தான் என்ன சொல்வார்?

ஒருநாள் வண்டி கிளம்பியது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் முன்னால் கைப்பிடி போட்டுத்தான் சுற்ற வேண்டும். கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு உடைந்து வருகிறவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். "கட்டவெரலச் சுத்திப் புடிக்காதீங்க அண்ணி, மத்த வெரலோட சேத்து வெச்சிக்குங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்ணி சுற்றினார். கறுப்புப் புகை கக்கி இரண்டு முறை செருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டபோது, அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும்தான்.

அண்ணியே ஏறி உட்கார்ந்து ஓட்டினார். நீ பார்த்திருக்க வேண்டும். களையெல்லாம் மடிந்து விழ, கலப்பை மண்ணைப் புரட்டிக்கொண்டே போனது. நான் பின்னால் நடந்தேன். வரிசை முடியும் முன்பே குனிந்து பார்த்தேன். மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. புரட்டிய மண்ணில் ஒரு புழுவில்லை. வண்டியின் பின்னால் எப்போதும் கூட்டமாக வருமே, அந்தக் கொக்கு ஒன்றும் வரவில்லை. அண்ணாந்து பார்த்தால், களையைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் இத்தனை நாள் பார்க்காத தென்னைகள். குருத்து மஞ்சள். காய்கள் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஷாப்பின் கழிவு ஓடை எங்கே போகிறது என்று தெரிந்தவன் நீ. அது நம் கிணறு வரைக்கும் வரும் என்று தெரிந்திருந்ததா? தெரிந்துதான் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாயா, அந்தக் கடைசிக் கோடையில்?

தண்ணீர் கெட்டுப்போனதைப் பற்றி ஊரில் கலெக்டருக்கு மனு எழுதினார்கள். கிணறு கெட்டுப்போனவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நம் வீட்டுக்கு வந்தவர்கள் மட்டும் வாசலிலேயே தயங்கினார்கள். அண்ணிக்குச் சம்பளம் கொடுப்பது அந்த ஷாப்புதானே.

"போட்டா வேல போய்டும். போடலன்னா தோட்டம் போய்டும். நீ இன்னா சொல்ற கிரேஸு?" என்று அண்ணி என்னைக் கேட்டார்.

நான் என்ன சொல்ல? வேலூரில் சம்பளம் வாங்குகிறவள் நான். "உங்க இஷ்டம் அண்ணி" என்றேன்.

அண்ணி போட்டார். உன் பெயரையும் எழுதி, அதன் கீழே தன் பெயரை எழுதினார். மறுநாள் வேலைக்குப் போகும்போது, திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்து, அங்கே வைத்திருந்த தன் டப்பாவையும் கத்தரிக்கோலையும் எடுத்துவரப் பையோடு போனார்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அண்ணா. மேனேஜர் வழக்கம்போலத் தலையசைத்துவிட்டுப் போனார். கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் சேதி இல்லை. அண்ணியின் வேலையும் போகவில்லை, தண்ணீரும் மாறவில்லை. "திட்டியிருந்தாக்கூடத் தேவலாம் கிரேஸு" என்று ஒருநாள் அண்ணி உடைந்துபோய்ச் சொன்னார்.

யார் மேல் கோபப்படுவது? உன் சம்பளம் என்னை நர்சிங் படிக்கவைத்தது. அண்ணியின் சம்பளத்தில் இன்று அடுப்பு எரிகிறது. கோபம் எங்கே கிளம்பினாலும் சுற்றி நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது.

மேட்டு நிலத்தில் மட்டும் மழையை நம்பிக் கொள்ளு விதைத்திருக்கிறோம். வருமா, வராதா, தெரியாது. தென்னைகளை இனிக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்துவிட்டது. அண்ணி இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாயங்காலம் போய் ஒவ்வொரு மரமாகத் தொட்டுவிட்டு வருகிறார்.

மரங்களை என்னால் நிறுத்திவைக்க முடியாது, அண்ணா. வெட்ட ஆள் வரும் நாளில் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். கடைசி மரம் விழுகிறவரை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன். அதை மட்டும் என்னால் சத்தியம் செய்து கொடுக்க முடியும்.

உன் கூடப்பிறந்தவள்,
கிரேஸ்