கணவர் என்ற வரி

8-6-59, திங்கள்

காலையிலிருந்தே அனல் காற்று. உளுந்து காயவைத்தது, தலையணை உறை துவைத்தது. பேப்பர் விளம்பரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். புதுக்கோட்டையில் மாணவிகள் விடுதிக்கு மேற்பார்வையாளர். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெண்கள். விதவைகளுக்கு முன்னுரிமை. தங்குவதற்கு அறை உண்டு. கடைசித் தேதி 17.

அந்த அறைதான் வேண்டும். ஆவணிக்குள் நாங்கள் இருக்கும் பின்கட்டை ஒழித்துத் தரச் சொல்லி கொழுந்தன் நேற்றும் சொல்லிவிட்டார். அவருக்கும் பிள்ளைகள் பெரிதாகிவிட்டன. நானும் அத்தையும் எங்கே போவது? பெற்ற தாயைக் கூடவா என்று அவரைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். பெயர். ஊர் ஆலங்குடி. வயது 29. படிப்பு. நான்கு வரியில் முடிந்துபோனேன். 'அனுபவம்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன்.

9-6, செவ்வாய்

அனுபவம், யோசித்த வரை:

தெருவில் பாதிப் பேருக்கு மலேயாவுக்குக் கடிதம் எழுதுவது, வருவதைப் படித்துச் சொல்வது.
கொழுந்தன் பிள்ளைகள் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் அம்மை வார்த்தபோது பார்த்துக்கொண்டது.
கடலை பறிப்பு ஆட்களுக்கு ஒற்றை ஆளாய்ச் சமையல்.
தையல், சுமார்.

தலைவலி. சுக்குக் காப்பி.

11-6, வியாழன்

மனுவை டைப் அடிக்க, பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப் இன்ஸ்டிடியூட். சார் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். என் பட்டியலைப் படித்துவிட்டுப் பென்சிலால் மொத்தத்தையும் அடித்தார்.

"இதெல்லாம் வீட்டு வேலைங்கம்மா. அனுபவம்னு போட்டா சிரிப்பாங்க. அப்ளிகேஷன் கட்டுக் கட்டா வரும். முதல் ரெண்டு வரியில கண்ணு நிக்கணும்."

"எப்படி சார் நிக்கும்?"

"ஒங்க வீட்டுக்காரரு?"

மலேயா போய் எட்டு வருஷம், கடிதம் நின்று ஐந்து வருஷம் என்றேன். குரலைத் தணித்துக்கொண்டார்.

"விதவைன்னு முதல் வரியிலயே போட்ருங்க. கூப்பிட்டுருவாங்க. யாரு அங்கிட்டுப் போயிப் பாக்கப் போறா?"

நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். குடையை மறந்துவிட்டு வெயிலிலேயே வீடு வரை.

12-6, வெள்ளி

அத்தையிடம் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எழுதிக்க ஆத்தா. எழுதுனா செத்தா போயிருவான்?"

பகல் முழுக்கச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம். கீரை அப்படியே.

குளித்துவிட்டுப் பொட்டு வைக்கும்போது கை நின்றது. வைத்தேன்.

13-6, சனி

விதவை என்றால் சான்று இணைக்க வேண்டுமாம். ஊர்க் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். அவர் ஒன்றும் குடையவில்லை, பேனாவை எடுத்துவிட்டார்.

"என்னைக்குத் தவறுனாரு? தேதியச் சொல்லுங்க, எழுதிப்புடுவோம்."

ஏதாவது ஒரு தேதி சொல்லியிருக்கலாம். எந்த நாளைச் சொல்வது? எதைச் சொன்னாலும் அந்த நாளில் நானே கொன்ற மாதிரி.

"அப்பறம் வாரேங்கய்யா."

நேரே டைப் இன்ஸ்டிடியூட். கணவர்: மலேயாவில், தகவல் இல்லை. அனுபவம்: இல்லை. சார் தலையை ஆட்டிக்கொண்டே டைப் அடித்தார். "ஒங்க இஷ்டம்மா" என்றார். தபால் பஸ் புறப்படுமுன் சேர்த்தாயிற்று.

குடை கிடைத்தது.

29-6, திங்கள்

பதில். பழுப்புக் கவர். பிரித்த அவசரத்தில் ஓரம் கிழிந்துவிட்டது. அச்சடித்த தாள், நடுவில் மையால் ஒரு வரி: விண்ணப்பதாரர் சுமங்கலி ஆதலால் கணவரின் சம்மதக் கடிதத்தைப் பத்து நாட்களுக்குள் அனுப்பினால் பரிசீலிக்கப்படும்.

மூன்று முறை படித்தேன். நின்றுகொண்டேதான்.

"கூப்பிட்டுருக்காங்களா ஆத்தா?" கிணற்றடியிலிருந்து அத்தை.

"இல்லீங்கத்தை. ஒங்க மகன்கிட்ட கடுதாசி வாங்கி அனுப்பச் சொல்லியிருக்காங்க."

வாளியைப் போட்டுவிட்டு ஈரக் கையோடு ஓடிவந்தார். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"அப்ப அவன் எங்கிட்டு இருக்கான்னு அவுங்களுக்குத் தெரியுமா?"