வள்ளி மிதக்கும்வரை

ஐப்பசி 9, செவ்வாய்

விடியலில் தூறல். ஆறு மணிக்கு மூன்று ஃபேஸ் கரண்டு வந்தது, மோட்டார் போட்டேன். கிணறு எங்களுக்கும் கொழுந்தனாருக்கும் பொது. செவ்வாய், வியாழன், சனி எங்கள் முறை. அந்த மூன்று நாளும் பம்புசெட்டு தொட்டிதான் மீனாவின் வகுப்பு.

மீனா என் பேத்தி. செங்கல்பட்டில் விளையாட்டு டீச்சர். எட்டு மணி பஸ்ஸுக்குள் ஏரிக்கரை குடிசைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குத் தண்ணீரில் மிதக்கச் சொல்லித் தருகிறாள். ஏன் நீச்சல் இல்லை என்று கேட்டேன். "நீஞ்சறது அப்பறம் ஆயா. மொதல்ல மூழ்காம கெடக்கணும்." ஏரியில் மண் எடுத்த பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. தண்ணீர் ஏறினால் எது பள்ளம், எது தரை, தெரியாது. இவர்கள் பள்ளிக்கூடம் போவதோ அந்த ஓரமாகத்தான். இப்போதே அரை ஏரி.

இன்று ஆறு பேர் மிதந்தார்கள். போட்ட துணியோடுதான். விழும்போது துணியைக் கழற்றிவிட்டா விழுவார்கள் என்கிறாள் மீனா. சரிதானே.

"மல்லாந்து படு. காது தண்ணிக்குள்ள. தொப்புளு வானத்தப் பாக்கணும்."

"அக்கா, மழ பேஞ்சா தொப்புள்ல தண்ணி நிக்குமா?"

"நிக்கும். காக்கா வந்து குடிக்கும். வாய மூடுடா."

வள்ளி மட்டும் இறங்கவில்லை. எட்டு வயது. வரப்பில் உட்கார்ந்து காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். தாய் கன்னியம்மாவின் உத்தரவு. மூத்த பையன் போனது இதே ஏரியில், இரண்டு வருடம் முன்பு.

வாங்க: சுக்கு, வெல்லம், பிரஷர் மாத்திரை, துண்டு 3.

ஐப்பசி 11, வியாழன்

வெயில். கன்னியம்மா நம் வயலுக்குக் களை எடுக்க வந்தாள். பேச்சை ஆரம்பித்தேன்.

"வள்ளியத் தொட்டில எறக்கேன்டி."

"ஒண்ணத் தண்ணி எடுத்துக்கினு போச்சு ஆயா. இத நானே கொண்டாந்து குடுக்கணுமா?"

மீனா ஈரத்துணியோடு வந்து அவள் பக்கத்தில் குந்தினாள். "எறங்கலனாலும் அவ ஏரி ஓரமாதானக்கா ஸ்கூலுக்குப் போறா."

கன்னியம்மா இரண்டு பிடி களை பிடுங்கி வரப்பில் போட்டாள். அப்புறம் சொன்னாள். "உன் கை அவ மேலருந்து போவக்கூடாது. எடுத்தியோ, கூட்டிக்கினு பூடுவேன்."

மீனா அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பெரிய மனுஷி மாதிரி பேசிவிட்டாளே என்று எனக்குப் பெருமை. இட்லி தின்னும்போது சொல்கிறாள்: "பேஜாராப் போச்சு ஆயா. கைய எடுக்காம யாருக்கும் மெதக்க வராது."

ஐப்பசி 13, சனி

மூட்டம். வடகம் காயவில்லை.

கொழுந்தனார் வரப்பில் நின்று கேட்டார். "இன்னா அண்ணி, உங்க மொறையில தொட்டில புள்ளைங்கள நட்டு வெச்சிக்கினு கீறீங்க."

"மொளைக்கட்டும் கோவிந்தா. உனுக்கும் நாலு நாத்து தரேன்."

சிரித்துக்கொண்டே போனார். பேச்சு கொடுத்தால் விடமாட்டேன் என்று தெரியும்.

வள்ளி இறங்கினாள். மீனா முதுகுக்குக் கீழே கை கொடுத்தாள். பிள்ளை பலகை மாதிரி விறைத்து, இரண்டு கையாலும் மீனாவின் தோளைக் கவ்விக்கொண்டாள். தொட்டியோரம் கன்னியம்மா. கண் அந்தக் கையின் மேலேயே. மற்றவர்களில் ஒன்பது பேர் நூறு எண்ணும்வரை மிதந்தார்கள்.

ஐப்பசி 16, செவ்வாய்

நேற்று முழுக்க மழை. ஏரி முக்கால்.

மீனா இன்று ஒரு தந்திரம் செய்தாள். முதுகுக்குக் கீழிருந்து சுண்டுவிரலை மெல்ல எடுத்தாள். கரையிலிருந்து கன்னியம்மா, "ஒரு வெரலு கொறையுது." திரும்ப வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மோதிர விரல். "இப்ப ரெண்டு." தண்ணீருக்குள் இருக்கும் விரல் எப்படித்தான் தெரிகிறதோ.

பெரிய பிள்ளைகளுக்கு வேறு பாடம். எவனாவது விழுந்தால் கூடவே குதிக்கக் கூடாது. கயிறு கட்டிய காலி கேனை வீச வேண்டும். விழுந்தவனாக நடித்த பையன் ரொம்ப நன்றாக நடித்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தான். சுக்குக் காப்பி கொடுத்தேன். அதற்காகவே இன்னும் இரண்டு பேர் நடித்தார்கள்.

மீனாவுக்கு பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனாள், முகம் சரியில்லை. மற்ற பதினொரு பேரும் மிதக்கிறார்கள். வள்ளி ஒருத்தி பாக்கி. ஏரி காத்திருக்காது.

ஐப்பசி 18, வியாழன். தீபாவளி

தவறு செய்துவிட்டேன்.

நம் முறை தீபாவளியன்றே வந்தது. பிள்ளைகளுக்கு எண்ணெய் வைக்காமல் விடுவேனா. நல்லெண்ணெயில் மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சி எடுத்துப் போனேன். மீனா மோட்டார் ரூமில் இருந்தாள். பன்னிரண்டு பேரையும் வரிசையாக உட்கார வைத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்தேன். சீயக்காய் தேய்ப்பது வகுப்பு முடிந்த பிறகு என்று கணக்கு.

எல்லாரும் தொட்டியில் குதித்தார்கள். மீனா ஒருவனைப் பிடித்தால் வழுக்குகிறான், இன்னொருவனைப் பிடித்தால் நழுவுகிறான். விரால் மீன்கள்.

"ஆயா, இன்னா பண்ணி வெச்சிக்கிறே?"

"தீபாவளிம்மா" என்றேன்.

வள்ளியை மல்லாத்திக் கையைக் கொடுத்தாள். வள்ளி தோளைப் பிடித்தாள், நழுவியது. மறுபடி பிடித்தாள், அதுவும் நழுவியது. அந்த நழுவலிலேயே தொட்டி நடுவுக்குப் போய்விட்டாள். மீனா இரண்டு கையும் வெறுமையாக நிற்கிறாள். பிள்ளை மல்லாந்து கிடக்கிறது. முகம் மேலே. பாவாடை குடை மாதிரி விரிந்து.

ஒருவரும் அசையவில்லை. ஒரு பையன்தான் எண்ண ஆரம்பித்தான். முப்பத்தேழில் வள்ளிக்கு விஷயம் புரிந்தது. உடனே மடங்கி, தண்ணீர் குடித்து, தடுமாறி எழுந்து நின்றாள்.

தொட்டியோரம் நின்றிருந்த கன்னியம்மா வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அதிரசம்கூட வாங்கவில்லை.

"சத்தியம் பூடுச்சி ஆயா" என்றாள் மீனா.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதிரசம் மட்டும் இரண்டு.

ஐப்பசி 19, வெள்ளி

கொழுந்தனார் முறை. காலையிலேயே வாசலில் வந்து, "அண்ணி, என் நெல்லுக்குத் தாளிச்சி உட்டுக்கிறீங்களா? தொட்டி பூரா எண்ண" என்றார்.

கன்னியம்மா வேலைக்கு வரவில்லை. தூக்கில் அதிரசம் போட்டுக்கொண்டு குடிசைக்குப் போனேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மீனா கைய உடலடி. எண்ண வெச்சது நானு. திட்றதுனா என்னத் திட்டு."

தூக்கை வாங்கி வைத்தாள். திட்டவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் கையதான் பாத்துக்கினு இருந்தேன் ஆயா. அவளப் பாக்கல. எவ்ளோ நேரம் கெடந்தா?"

"முப்பத்தேழு எண்ணுனாங்க."

"கத்துனாளா?"

"இல்ல."

முறத்தை மறுபடி எடுத்தாள். நானும் வந்துவிட்டேன். முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஐப்பசி 20, சனி

வானம் வெளுத்தது. ஏரி நிரம்பி வழியப்போகிறது என்று பால்காரர் சொன்னார்.

நாங்கள் போவதற்கு முன்பே கன்னியம்மாவும் வள்ளியும் தொட்டியோரம் நிற்கிறார்கள். வள்ளியின் தலையிலிருந்து குதிகால் வரை எண்ணெய் சொட்டுகிறது. காதுமடல்கூட மினுமினுப்பு.

"இன்னாக்கா இது, தீபாவளிதான் முடிஞ்சிபோச்சே?" மீனா.

"நீ புடிச்சாலும் சிக்கக்கூடாது" என்றாள் கன்னியம்மா.

மீனா பிடிக்கவே இல்லை. வள்ளி தானாகச் சாய்ந்தாள். ஒரு தரம் கால் தாழ்ந்தது, மேலே வந்தது.

கன்னியம்மா என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "பத்துக்கு மேல எனக்கு வராது. நீ எண்ணு ஆயா."

எண்ணினேன். முப்பத்தேழைத் தாண்டும்போது புடவையில் பிடி இறுகியது. அறுபதில் தளர்ந்தது. நூறு.

"நூறு ஆச்சுடி, எழுந்திரு."

காது தண்ணீருக்குள். கேட்கவில்லை. கன்னியம்மா, "உடு ஆயா, எண்ணு" என்றாள்.

நூற்றொன்று. நூற்றிரண்டு.